பெயர் வந்த பிறகும் எட்டு விநாடி: பேய்ப்பட டிரெய்லர் பயமுறுத்தும் விதம்

2018 ஆகஸ்டில் யூடியூப் ஒரு விளம்பரத்தை நீக்கியது. நீளம் ஆறே விநாடி. தாண்டிச் செல்ல வழியில்லாத வகை. 'தி நன்' என்ற பேய்ப்படத்துக்காகச் செய்யப்பட்டது. திரை கறுப்பாக இருக்கும். கைப்பேசியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும்போது தெரியுமே, அந்த ஒலிபெருக்கிக் குறி தோன்றும். யாரோ பொத்தானை அழுத்துவதுபோல் அளவு இறங்கிக்கொண்டே போகும். கைப்பேசிக்கு என்ன ஆயிற்று என்று உற்றுப் பார்க்கும் நொடியில், கன்னியாஸ்திரி உருவில் ஒரு பேய் அலறிக்கொண்டு முகத்துக்கு நேரே பாயும். வேறு எதையோ பார்க்க வந்தவர்கள் கொதித்துப்போனார்கள். அதிர்ச்சியூட்டும் காட்சிகள் குறித்த விதியை மீறிவிட்டது என்று சொல்லி யூடியூப் அதை எடுத்துவிட்டது.

அதே ஆண்டு ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இன்னொன்று நடந்தது. முயல் கதையான 'பீட்டர் ராபிட்' பார்க்கக் குழந்தைகளோடு வந்திருந்தவர்களுக்கு முன்னால், தவறுதலாக 'ஹெரெடிட்டரி' என்ற பேய்ப்படத்தின் டிரெய்லர் ஓடியது. பெற்றோர் பிள்ளைகளின் கண்ணையும் காதையும் பொத்த முயன்றார்கள். சிலர் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். ஒரு தாய்க்கு இருப்பது இரண்டு கை. கண்ணைப் பொத்துவதா, காதைப் பொத்துவதா? பேய்ப்பட டிரெய்லர் எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்தால் இந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்லிவிடலாம்: காதை.

ஏன் என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

முதலில் சில சொற்கள்

டீசர் என்பது ஒரு நிமிடத்தை ஒட்டியது; கதை சொல்லாது, மனநிலையை மட்டும் காட்டும். டிரெய்லர் இரண்டு, இரண்டரை நிமிடம். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் 'பின்னால் இழுபட்டு வருவது' என்று பொருள். தொடக்கக் காலத்தில் அதைப் படம் முடிந்த பிறகுதான் காட்டினார்கள். படம் முடிந்ததும் கூட்டம் எழுந்து போய்விடவே முன்னால் நகர்த்தினார்கள். பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

'பயம்' என்ற ஒரே சொல்லால் நாம் குறிப்பது குறைந்தது மூன்று வெவ்வேறு நிகழ்வுகளை:

1. திடுக்கிடல். பட்டாசு வெடித்தால் தோள் குலுங்குவது. இதற்கு யோசனை தேவையில்லை, கதையும் தேவையில்லை.
2. எதிர்பார்ப்பு அச்சம். ஏதோ வரப்போகிறது என்று தெரியும். எப்போது, எங்கிருந்து என்று தெரியாது.
3. ஒவ்வாமை. பார்ப்பது ஆபத்தானதல்ல, ஆனாலும் சரியாக இல்லை. நள்ளிரவில் தெருவில் கைகளை விரித்தபடி ஓடும் குழந்தை, காரணமில்லாமல் நெடுநேரம் சிரிக்கும் முகம்.

முழுநீளப் படத்துக்கு நான்காவதாக ஒரு வழியும் உண்டு. ஒரு பாத்திரத்தை நமக்குப் பிடித்தமானவராக்கி, பிறகு அவருக்காக நம்மைப் பதற வைக்கலாம். டிரெய்லருக்கு அதற்கு நேரமில்லை. கதாநாயகியின் பெயர்கூட நமக்குத் தெரியாது. ஆகவே அது மனத்தை விட்டுவிட்டு நேராக உடலிடம் போகிறது. உடலுக்குள் நுழையக் குறுக்கு வழி காதுதான்.

காது ஏன் முந்துகிறது

திடீர்ச் சத்தம் கேட்டதும் முதலில் இமை மூடுகிறது. ஏறத்தாழ 30 முதல் 50 மில்லி விநாடிக்குள். பிறகு கழுத்து இறுகுகிறது, தோள் உயர்கிறது. காதிலிருந்து மூளைத்தண்டு, அங்கிருந்து தசைகள் என்று மிகக் குறுகிய நரம்புப் பாதை இது. 'அது என்ன சத்தம்' என்று மூளையின் மேல்தளம் கேட்பதற்குள் உடல் வேலையை முடித்துவிட்டிருக்கும். கண்ணில் படும் ஓர் உருவம் பேயா, தொங்கவிட்ட சட்டையா என்று பிரித்தறிய இதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

இதில் சத்தத்தின் அளவு மட்டும் முக்கியமில்லை. அது எவ்வளவு செங்குத்தாக எழுகிறது என்பதே முக்கியம். தூரத்தில் கேட்டு, மெல்ல நெருங்கி, தலைக்கு மேலே கடந்துபோகும் விமானம் எவ்வளவு இரைந்தாலும் யாரும் துள்ளுவதில்லை. கதவு அறைந்து சாத்தப்பட்டால் துள்ளுகிறோம். டிரெய்லர் ஒலியமைப்பாளர்கள் 'ஹிட்' என்று சொல்லும் ஒலி இதுதான்: பூச்சியத்திலிருந்து உச்சத்துக்கு ஒரே தாவல்.

ஆய்வுக்கூடங்களில் உறுதிப்பட்ட இன்னும் இரண்டு தகவல்கள் இங்கே தேவை. ஏற்கெனவே அச்சத்தில் இருப்பவர் அதே சத்தத்துக்கு மற்றவரைவிட அதிகமாகத் திடுக்கிடுகிறார். இருட்டில் இருப்பவரும் அப்படியே. ஆக, முதலில் அச்சத்தை ஏற்று, விளக்கை அணை, பிறகு அடி. பேய்ப்படங்களின் இலக்கணம் அனைத்தும் இந்த மூன்று வினைச்சொற்களுக்குள் அடங்கிவிடும். திரையரங்கம் விளக்கணைக்கும் வேலையை இலவசமாகச் செய்து தருகிறது.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் உடல் பழகிவிடும். ஐந்து முறை அறைந்தால் ஐந்தாவதற்கு யாரும் அசையமாட்டார்கள். நல்ல டிரெய்லர் பெரிய அடிகளை ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்வதற்கும், மட்டமான டிரெய்லர் ஒரு நிமிடத்துக்குள் சலித்துப்போவதற்கும் காரணம் இதுவே.

அலறலைப் போலி செய்யும் கருவிகள்

திடுக்கிட வைப்பது ஒரு நொடி வேலை. மீதி நேரமெல்லாம் நம்மை ஒருவித நமைச்சலில் வைத்திருப்பது வேறு வகை ஒலிகள்.

மனிதப் பேச்சில் ஒலியின் அளவு விநாடிக்கு நான்கைந்து முறை ஏறி இறங்குகிறது. அலறலில் இந்த ஏற்ற இறக்கம் விநாடிக்கு 30 முதல் 150 முறை. அறிவியலாளர்கள் இதை ஒலியின் 'கரடுமுரடு' என்கிறார்கள். 2015இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தக் கரடுமுரடு கூடக்கூட மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா பகுதி கூடுதலாகத் தூண்டப்படுவதைக் காட்டியது. அபாயச் சங்குகளிலும் இதே கரடுமுரடு உண்டு. வேறு எந்த இரைச்சலோடும் அலறல் கலந்து மறைந்துவிடாமல் இருக்க இயற்கை செய்த ஏற்பாடு என்று இதைச் சொல்லலாம்.

மர்மோட் என்ற மலையணிலின் எச்சரிக்கை ஒலிகளை ஆராய்ந்துவந்த டேனியல் புளூம்ஸ்டைன் என்ற உயிரியலாளர், அதே கண்ணோடு சினிமாப் பக்கம் திரும்பினார். 2010இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் 102 படங்களின் காட்சி ஒலிகளை அலசி வெளியிட்ட கட்டுரையில், பயப்படும் விலங்கின் தொண்டை கிழிந்து வரும் ஒழுங்கற்ற ஒலிகளை ஒத்தவை பேய்ப்படக் காட்சிகளில் எதிர்பார்ப்பதைவிட மிகுந்திருப்பது தெரிந்தது. இசையமைப்பாளர்கள் யாரும் மர்மோட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை. தங்கள் முதுகுத்தண்டைக் கேட்டே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். 'சைக்கோ' படத்துக்கு பெர்னார்ட் ஹெர்மன் தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்து எழுதிய வயலின் கிறீச்சிடல், ஒரு விலங்கின் தொண்டையைக் கிழித்து எடுத்ததுபோலவே இருக்கும்.

இதற்கெனவே ஒரு கருவியும் உண்டு: வாட்டர்ஃபோன். துருப்பிடிக்காத எஃகுக் கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர், விளிம்பைச் சுற்றி வெவ்வேறு உயரத்தில் கம்பிகள். கம்பியை வயலின் வில்லால் இழுத்துக்கொண்டே கிண்ணத்தைச் சாய்த்தால், உள்ளே தண்ணீர் நகர நகர ஒலி வளைந்து நெளிந்து ஊளையிடும். ரிச்சர்ட் வாட்டர்ஸ் என்பவர் 1975இல் காப்புரிமை பெற்றது. பெயர் தெரியாவிட்டாலும் அதன் ஒலியைக் கேட்காத பேய்ப்பட ரசிகர் இருக்க முடியாது.

இன்னொன்று 'ரைசர்': படிப்படியாகச் சுருதியும் அளவும் ஏறிக்கொண்டே போகும் ஒலி. ஒரே அளவு ஏறும் ஒலியையும் இறங்கும் ஒலியையும் கேட்கச் செய்தால், ஏறுவதே அதிகம் மாறியதாக மனிதர் உணர்கிறார்கள். 1998இல் ஜான் நியூஹாஃப் என்பவர் வெளியிட்ட ஆய்வு இது. ஏறும் ஒலி என்றால் ஏதோ நெருங்கி வருகிறது. நெருங்குவதைக் கொஞ்சம் மிகையாக எடுத்துக்கொண்டவர்களே பிழைத்திருப்பார்கள் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். ரைசர் நடுவே சட்டென்று அறுபட்டு வெறுமை விழும்போது, நெருங்கிவந்தது எங்கே போயிற்று என்று உடல் தேடுகிறது. அந்தத் தேடலைத்தான் டிரெய்லர் விரும்புகிறது.

அமைதிக்கும் ஒரு கணக்கு

டிரெய்லர்கள் ஏன் இப்படிப் பேசாமல் இருந்து திடீரென்று இடிக்கின்றன என்பதற்குக் கலைக்காரணம் மட்டும் இல்லை. கணக்கும் இருக்கிறது.

1990களில் அமெரிக்கத் திரையரங்குகளில் டிரெய்லர்களின் சத்தம் தாங்க முடியாமல் போனது. ஒவ்வொருவரும் பக்கத்து டிரெய்லரைவிட ஒரு படி மேலே கத்தினார்கள். பார்வையாளர்கள் புகார் செய்ய, புரொஜெக்டர் இயக்குபவர் ஒலியைத் தணிப்பார்; அதே அளவில் படம் தொடங்கி வசனம் கேட்காமல் போகும். ஒலித் தரத்துக்கென ஒரு சங்கம் அமைந்து வரம்பு விதித்தது: டிரெய்லரின் ஒலி 85 டெசிபலைத் தாண்டக்கூடாது. ஆனால் அந்த 85 என்பது உச்ச அளவு இல்லை, முழு டிரெய்லருக்குமான சராசரி.

சராசரி என்றால் சேமிக்கலாம். 150 விநாடி டிரெய்லரில் பாதி நேரம் கிட்டத்தட்ட மௌனமாக இருந்தால், மீதிப் பாதியில் 3 டெசிபல் கூடுதலாகப் போகலாம். முக்கால் பங்கு மௌனம் என்றால் 6 டெசிபல். 135 விநாடி முணுமுணுத்துவிட்டு 15 விநாடி மட்டும் இடித்தால், அந்த 15 விநாடியில் 10 டெசிபல் கூடுதல். காதுக்கு அது ஏறத்தாழ இரு மடங்குச் சத்தம். விதியும் மீறப்படவில்லை. அதிரடிப் படத்தின் டிரெய்லர் தொடர்ந்து இரைந்தே தன் பங்கைச் செலவழித்துவிடும். பேய்ப்படம் கஞ்சனைப்போல் காசைச் சேர்த்து, ஒரே நாளில் கல்யாணம் செய்து தீர்க்கிறது. யூடியூபும் ஒரு காணொளியின் ஒட்டுமொத்தச் சத்தத்தை அளந்தே அளவைக் குறைக்கிறது. உள்ளே இருக்கும் மேடுபள்ளத்தை அது தொடுவதில்லை.

கண்ணுக்கு என்ன வேலை

அப்படியானால் படம் எதற்கு? காதைத் தயார்ப்படுத்த. கண்ணை ஓரிடத்தில் கட்டிப்போட்டால்தான் காது திறந்திருக்கும்.

ஜேம்ஸ் வான் இயக்கிய 'தி கான்ஜூரிங்' (2013) படத்தின் டீசரை இதற்கு எடுத்துக்கொள்ளலாம். இந்த வகையில் அதைவிடச் சிக்கனமான வேலை குறைவு. அந்த வீட்டுக் குழந்தைகள் விளையாடுவது கண்ணாமூச்சியில் ஒரு வகை. கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுபவர் கேட்டால், ஒளிந்திருப்பவர் கைதட்டி இடத்தைக் காட்ட வேண்டும். விதி அவ்வளவுதான், அரை நிமிடத்தில் நமக்குப் புரிந்துவிடும். தாய் கண்ணைக் கட்டிக்கொண்டு தட்டலைத் தொடர்ந்து போகிறாள். அலமாரிக் கதவு திறந்து இரண்டு கைகள் வெளியே வந்து தட்டுகின்றன. அவளுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.

பிறகு இருட்டான நிலவறைப் படி. தீக்குச்சியைக் கிழிக்கிறாள். குச்சியின் வெளிச்சம் முகத்தையும் ஒரு கை தூரத்தையும் மட்டுமே காட்டுகிறது, மற்றதெல்லாம் கறுப்பு. நம் கண் அவள் முன்னால் இருக்கும் கறுப்பில் துழாவுகிறது, ஏனென்றால் அவளும் அங்கேதான் பார்க்கிறாள். இசை கிடையாது. குச்சி எரியும் ஒலி, மூச்சு. அவள் தோளருகே இருட்டிலிருந்து இரண்டு கைகள் நீண்டு, தட்டுகின்றன. இரண்டே தட்டு.

இதில் மூன்று காரியம் நடந்திருக்கிறது. ஒன்று, அடியாக விழுவது பின்னணி இசையின் இடி இல்லை, கதைக்குள்ளேயே இருக்கும் ஒரு விளையாட்டு ஒலி. ஆகவே ஏமாற்றப்பட்டோம் என்று யாரும் கோபப்படுவதில்லை. இரண்டு, கைதட்டல் இயல்பிலேயே செங்குத்தாக எழும் ஒலி. மூன்று, பேயின் முகத்தை இன்னும் பார்க்கவில்லை. அந்தப் படம் பெரிய ரத்தக்களரி இல்லாமலே அமெரிக்காவில் 17 வயதுக்கு உட்பட்டோர் தனியாகப் பார்க்க முடியாத தரச்சான்று பெற்றது. அதற்குச் சொல்லப்பட்ட காரணம், அது மிகவும் பயமுறுத்துகிறது என்பதே.

முகத்தைக் காட்டாமல் இருப்பது பழைய உத்தி. 1979இல் 'ஏலியன்' டிரெய்லர் ஒரு வசனமும் இல்லாமல், சங்கு அலறுவது போன்ற ஒலியை மட்டும் வைத்து ஓடியது. 2024இல் 'லாங்லெக்ஸ்' படத்துக்கு நிக்கோலஸ் கேஜ் போன்ற பெரிய நடிகர் இருந்தும், டிரெய்லர்களில் அவர் முகத்தை ஒளித்தே வைத்தார்கள். அவரை வேடத்தில் முதன்முதலாகப் பார்த்தபோது உடன் நடித்த நடிகையின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 170 ஆனது என்று ஒரு விளம்பரமும் வெளியிட்டார்கள். பேயைக் காட்டுவதைவிடப் பேயைப் பார்த்தவரைக் காட்டுவது மலிவு, பலனும் அதிகம். 2009இல் 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' டிரெய்லர் இன்னும் ஒரு படி போய், அரங்கில் படம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இருக்கையில் துள்ளுவதை இருட்டிலும் பார்க்கும் கேமராவால் எடுத்துக் காட்டியது. ஒருவர் கொட்டாவி விட்டால் பக்கத்திலிருப்பவருக்கும் வருவதுபோல் பயமும் தொற்றும்.

தடைகளும் இந்த வடிவத்துக்கு உதவியிருக்கின்றன. 'தி ஷைனிங்' (1980) டீசர் ஒரே ஷாட். அசையாத கேமரா முன்னே மூடிய லிஃப்ட் கதவுகள். படக்குழுவின் பெயர்கள் கீழிருந்து மேலே நகர்கின்றன. இசை மட்டும் இறுகுகிறது. பெயர்கள் முடிந்ததும் கதவோரத்திலிருந்து ரத்தம் வெள்ளமாகப் புரண்டு வந்து நாற்காலிகளை அடித்துக்கொண்டு கேமராவை மூடுகிறது. அந்நாளில் டிரெய்லர்களில் ரத்தம் காட்ட அனுமதியில்லை; இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக், 'அது துருப்பிடித்த தண்ணீர்' என்று சொல்லி அனுமதி வாங்கினார் என்பது ஹாலிவுட்டில் நெடுங்காலமாக உலவும் கதை.

ஒரு டிரெய்லரின் எலும்புக்கூடு

எந்தப் பேய்ப்பட டிரெய்லரை எடுத்துப் பிரித்தாலும் பெரும்பாலும் இந்த வரிசை கிடைக்கும்.

1. நிறுவனச் சின்னங்கள். வழக்கமான ஆரவார இசை போய், அடியில் ஒரு தாழ்ந்த ரீங்காரம். இதை 'ட்ரோன்' என்பார்கள். சின்னமே நிறம் வெளுத்திருக்கும்.
2. நல்ல காலம். குடும்பம் புது வீட்டுக்கு வருகிறது. வாடகை எப்படி இவ்வளவு குறைவு என்று யாரும் கேட்பதில்லை.
3. சின்னப் பிசகு. நாய் உள்ளே வர மறுக்கும். குழந்தை, இல்லாத ஒருவரோடு பேசும். இங்கே முதல் பொய் அடி விழும்: தோளைத் தொட்டது கணவன். 1942இல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில், பின்தொடரும் காலடிக்குப் பயந்து நடக்கும் பெண்ணின் முன்னால் ஒரு பஸ் சிறுத்தை சீறுவதுபோல் காற்றை உமிழ்ந்துகொண்டு வந்து நிற்கும். தயாரிப்பாளர் வால் லூட்டன் பெயரால் இந்த உத்தியை 'லூட்டன் பஸ்' என்றே இன்றும் அழைக்கிறார்கள்.
4. விவரம் தெரிந்தவர். பாதிரியாரோ கிழவியோ ஒரே வாக்கியத்தில் விதியைச் சொல்லிவிடுவார்.
5. வெட்டுகளின் வேகம். ஒரு ஷாட் ஐந்து விநாடி, மூன்று, ஒன்று, அரை. இடையிடையே முழுக் கறுப்பு. ஒவ்வொரு கறுப்பும் ஒரு சிறிய விளக்கணைப்பு. மேலே சொன்ன இருட்டின் பலன் இங்கே துண்டு துண்டாகக் கிடைக்கிறது.
6. மௌனம்.
7. அடி, பெயர், தேதி.
8. வால். ஆங்கிலத்தில் 'ஸ்டிங்கர்'. இதைப் பற்றிக் கடைசியில்.

பழைய பாட்டும் படைவீரனின் பூட்ஸும்

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் டிரெய்லர்களை ஆட்டிவைக்கும் பழக்கம், எல்லோருக்கும் தெரிந்த பாட்டை மெதுவாக்கிப் போடுவது. ஜோர்டன் பீல் இயக்கிய 'அஸ்' (2019) படத்தின் டிரெய்லரில் காரில் போகும் குடும்பம் 1995இல் வந்த ஒரு ராப் பாட்டைக் கேட்டுக்கொண்டு போகிறது. தாய் விரலைச் சொடுக்கித் தாளம் போடச் சொல்லித் தருகிறாள். பின்னால் அதே மெட்டு இழுபட்டுக் கனத்துத் திரும்பி வரும்போது உதைக்கிறது. காரணம் எளிது: தெரிந்த பாட்டில் அடுத்த சுரம் எப்போது வரும் என்று காது முன்கூட்டியே போய்க் காத்திருக்கிறது. அது தாமதிக்கிறது. ஒவ்வொரு சுரமும் ஒரு சிறிய எதிர்பார்ப்பு அச்சம். பலர் இதைப் பின்பற்றி வழக்கொழித்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். குழந்தைப் பாடலை மெல்லிய பெண்குரலில் கேட்டதும் இன்று பயத்துக்கு முன் கொட்டாவி வருகிறது.

அந்தச் சலிப்பை உடைத்தது 2024 டிசம்பரில் வந்த '28 இயர்ஸ் லேட்டர்' டிரெய்லர். அதில் பாட்டே இல்லை, ஒரு கவிதை. தென்னாப்பிரிக்காவில் போயர் போரின்போது நாள்கணக்கில் நடந்துகொண்டிருந்த ஆங்கிலக் காலாட்படை வீரனின் புலம்பலாக ருட்யார்ட் கிப்ளிங் எழுதி 1903இல் வெளிவந்த 'பூட்ஸ்'. டெய்லர் ஹோம்ஸ் என்ற நடிகர் 1915இல் அதை வாசித்துப் பதிவு செய்தார். அந்த நூறாண்டுப் பழைய இசைத்தட்டைத்தான் டிரெய்லர் எடுத்துக்கொண்டது.

அதை உன்னிப்பாகக் கேட்டால் இக்கட்டுரையில் இதுவரை சொன்ன அனைத்தும் ஒரே குரலில் இருப்பது தெரியும். முதலில் உணர்ச்சியற்ற எண்ணிக்கை. பூட்ஸ் பூட்ஸ் பூட்ஸ் பூட்ஸ் என்று நடைக்கு ஒரு சொல். அந்த நடைவேகம் மாறுவதே இல்லை. அதனால் காது அடுத்த சொல்லுக்கு முன்பே போய் நிற்கும். சொல் மாறாது, தொனி மட்டும் ஏறும். வாசிப்பவரின் குரல் இறுகி, நடுங்கி, கடைசியில் தொண்டை கிழிந்த அலறலாகிறது. ஒரு மனிதக் குரலே ரைசராகவும் கரடுமுரடாகவும் ஆகிவிடுகிறது. போதாததற்குப் பழைய தட்டின் கரகரப்பு வேறு. எதிரியிடம் சிக்கினால் தாக்குப்பிடிக்க அமெரிக்கப் படையினருக்குத் தரும் பயிற்சியில் மன உளைச்சலூட்ட இதே பதிவை ஒலிக்கவிடுவது உண்டு என்பதை அறிந்தால் யாருக்கும் வியப்பு வராது. டிரெய்லர் பேசப்பட்ட அளவைப் பார்த்து, படத்துக்குள்ளும் அந்தக் குரல் இடம்பெற்றது. வாலுக்காக நாய் ஆடிய அபூர்வ நிகழ்ச்சி.

கைப்பேசி மாற்றியது

பேய்ப்படங்களில் காதுக்குக் கேட்காத அடிநாதத்தை ஒளித்துவைத்துப் பயமுறுத்துகிறார்கள் என்று ஒரு நம்பிக்கை இணையமெங்கும் சுற்றுகிறது. அதன் வேர், 1998இல் விக் டேண்டி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் எழுதிய ஒரு கட்டுரை. பேய் நடமாடுவதாகச் சொல்லப்பட்ட ஆய்வுக்கூடத்தில், ஒரு மின்விசிறி 19 ஹெர்ட்ஸ் அளவில், அதாவது விநாடிக்கு 19 முறை, அதிர்ந்துகொண்டிருந்ததே காரணம் என்றார் அவர். சுவையான கதை. ஆனால் நாம் டிரெய்லர் பார்ப்பது கைப்பேசியில். அதன் ஒலிபெருக்கி 19 ஹெர்ட்ஸ் இருக்கட்டும், 100 ஹெர்ட்ஸையே ஒழுங்காகத் தராது. திரையரங்கில் நெஞ்சை அதிர வைக்கும் அடிநாதம் உள்ளங்கையில் வெறும் காற்று.

ஆகவே இன்றைய டிரெய்லர் வேறு ஒலிகளை நம்புகிறது: நாக்குச் சொடுக்கு, விரல் சொடுக்கு, கைதட்டல், மரத்தில் நகம், தீக்குச்சி, காதோரக் கிசுகிசு. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது ஏறத்தாழ 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. இவ்வொலிகள் பெரும்பாலும் அந்த வட்டத்தில் விழுபவை. ஹெட்ஃபோன் மாட்டியவருக்கு மூச்சொலியைப் பின்னந்தலைக்கு அருகே கொண்டுவந்து வைத்துவிடலாம். 'ஹெரெடிட்டரி' டிரெய்லரில் சிறுமி நாக்கைச் சொடுக்குவதைவிடப் பெரிய இடி எதுவும் நினைவில் தங்குவதில்லை.

விதிக்கு வெளியே என்ன இருக்கிறது

டிரெய்லர் சொல்வதெல்லாம் படத்தில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 1960இல் 'சைக்கோ'வுக்காக அதன் இயக்குநர் ஹிட்ச்காக் செய்த ஆறரை நிமிட டிரெய்லரில் அவரே வீட்டைச் சுற்றிக் காட்டுவார், வீடு விற்கும் தரகர்போல. கடைசியில் குளியலறைத் திரையை இழுத்ததும் ஒரு பெண் அலறுவாள். படத்தில் அங்கே கொல்லப்படுபவர் ஜேனட் லீ. டிரெய்லரில் அலறுபவரோ அவரைப்போல் பொய்முடி வைத்த வேரா மைல்ஸ்.

யார் எதைப் பார்க்கலாம் என்பதில்தான் நடைமுறைச் சிக்கல். அமெரிக்காவில் டிரெய்லருக்கு முன் பச்சைப் பட்டை வந்தால் பொதுவாகக் காட்டலாம். சிவப்பு வந்தால் வயது வரம்புள்ள படங்களோடு மட்டும். இந்தியாவில் திரையரங்கில் ஓடும் டிரெய்லருக்குத் தணிக்கைச் சான்றிதழ் தேவை. 2024இல் வந்த விதிகள் யு/ஏ பிரிவை 7, 13, 16 என்று வயது வாரியாகப் பிரித்திருக்கின்றன. ஆனால் யூடியூபில் ஏற்றப்படும் டிரெய்லருக்கு அந்தச் சான்றிதழ் வேண்டாம். குழந்தைகள் பெரும்பாலும் டிரெய்லரைச் சந்திக்கும் இடமோ அதுதான். திரையரங்க விதிகள் ரத்தத்தையும் கத்தியையும் எண்ணுகின்றன. தீக்குச்சியையும் இரண்டு கைகளையும் எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று அவற்றுக்குத் தெரியாது.

பயந்தவர்களுக்குக் கைகொடுக்கும் வழி ஒன்று இருக்கிறது: ஒலியை நிறுத்திவிட்டுப் பார்ப்பது. இருட்டு வீடு, விழித்த கண்கள், ஓடும் பெண் என்று எல்லாம் அப்படியே இருக்கும். மின்சாரம் மட்டும் போய்விட்டிருக்கும். திருப்பிச் செய்தும் பார்க்கலாம், கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேட்டு. அது முடியாத காரியம் என்பது இருபது விநாடியில் தெரிந்துவிடும்.

இனி அந்த வால். படத்தின் பெயர் வந்துவிட்டது, தேதி வந்துவிட்டது, இசை அடங்கிவிட்டது. எல்லாம் முடிந்தது என்று உடல் தோளை இறக்கிவிடும். திடுக்கிடவைக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. ஆகவே அப்போதுதான் கடைசி அடி விழும். திரையரங்கில் இது நன்றாகச் செல்லுபடியானது. யூடியூபில் ரகசியம் வெளியாகிவிடுகிறது. தேதி வந்த பிறகும் கீழே சிவப்புக் கோடு ஓரத்தைத் தொடவில்லை. இன்னும் எட்டு விநாடி பாக்கி என்று காட்டுகிறது. இப்போது நமக்குத் தெரியும். தெரிந்ததால் உடல் முன்கூட்டியே இறுகுகிறது. அச்சத்தில் இறுகிய உடலோ, முன்பே பார்த்தோமே, இன்னும் அதிகமாகத் துள்ளும். திரை கறுப்பு. ஆறு விநாடி. ஐந்து.